பெட்டிகள் பேசாத கார்

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, தொண்டாமுத்தூர்க்காரர் தன் காரை எடுக்க வந்தார். சாவியைத் திருகினார். இன்ஜின் பிடித்தது, இரண்டு எண்ணுவதற்குள் அணைந்தது. மறுபடி திருகினார். அதேதான்.

"ஏனுங்க, வண்டி கெட்டுப்போச்சுங்களா, கோவிச்சுக்கிச்சுங்களா?" என்று என் அண்ணனைக் கேட்டார். தென்னந்தோப்புக்காரர். எரிச்சலைக்கூட 'ங்க' போட்டுத்தான் சொல்வார்.

அண்ணன் என்னைப் பார்த்தான். கோயமுத்தூரில், அவினாசி ரோட்டை ஒட்டிய சந்தில் அவனுடைய ஒர்க்‌ஷாப். கார்பரேட்டர் வண்டிகளில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. தொண்ணூறுகள் முடியப்போகும் நேரம். கம்ப்யூட்டர் வைத்த கார்கள் ஊருக்குள் வரத் தொடங்கியிருந்தன. எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்திருந்த நான், அவற்றையும் ரிப்பேருக்கு எடுக்கலாம் என்று மாதக்கணக்காக அவனை நச்சரித்தேன். கடைசியில் இந்த ஒரு காருக்குச் சம்மதித்தான்.

"இது சரியா வந்துச்சுன்னா மேக்கொண்டு எடுக்கலாம். இல்லீன்னா கம்ப்யூட்டர் வண்டிக்கு ஒரு கும்புடு. நீ டிவி ரிப்பேர் கடைக்குப் போயிரு."

பிரேக் வேலைக்காக வந்த கார் அது. வரும்போது நன்றாகத்தான் ஓடி வந்தது.

கோளாறு எந்தப் பக்கம் என்பது எனக்கு உடனே பிடிபட்டது. அந்தக் காரில் இரண்டு பெட்டிகள். ஒன்று சாவியை அடையாளம் பார்க்கும். மற்றொன்று இன்ஜினை ஓட்டும். ஒவ்வொரு முறையும் முதல் பெட்டி, 'நம்ம ஆள்தான்' என்று ஒற்றை ஒயர் வழியாக இரண்டாவதற்குச் சொல்ல வேண்டும். சேதி வராவிட்டால் இன்ஜின் பெட்டி பெட்ரோலை நிறுத்திவிடும். திருடனுக்காகச் செய்த ஏற்பாடு.

பீளமேட்டு நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய ஸ்கேனரைச் சொருகினேன். 'தொடர்பு இல்லை' என்று வந்தது. இன்ஜின் பெட்டி என்னோடும் பேசவில்லை.

"எங்கேஜ்டா இருக்கும் அம்மணி, கொஞ்ச நேரங்கழிச்சுப் போன் பண்ணுங்க" என்றார் எங்களோடு பல வருஷமாக இருக்கும் மெக்கானிக்.

அண்ணன் சிரிக்கவில்லை. "பொட்டியே போயிருச்சாட்ட இருக்குது. கம்பெனிக்கு இழுத்துட்டுப் போகச் சொல்லிரலாம்."

"மத்தியானம் வரைக்கும் விடுண்ணா."

பெட்டிகளுக்கு நடுவே ஓடும் ஒயரைச் சோதித்தேன், அறுபடவில்லை. பேட்டரியிலிருந்து பன்னிரண்டு வோல்ட் ஒழுங்காக வந்தது. எர்த் ஒயரில் தடை இருக்கிறதா என்று மீட்டர் வைத்தேன், இல்லையென்றே சொல்லலாம். எல்லாம் சரி, வண்டி மட்டும் தப்பு. தொண்டாமுத்தூர்க்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பரின் ஒரே பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தபோதுதான் உறைத்தது. சாவியை அணைத்துவிட்டு அல்லவா எர்த்தை அளந்தேன்? கரண்ட் ஓடாதபோது எந்த இணைப்பும் நல்ல இணைப்புதான். கையை உதறிக்கொண்டு ஓடினேன். சாவியைப் போட்டு, மீட்டரின் ஒரு முனையை இன்ஜின் பெட்டியின் எர்த் ஒயரிலும் மறுமுனையை பேட்டரியின் மைனஸிலும் வைத்தேன். பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் ஒன்றரை வோல்ட் நின்றது. ஒரு பெட்டி தரையில் நிற்க, இன்னொன்று திண்டின் மேல் நின்று அதையே தரை என்று நம்பிக்கொண்டிருக்கிறது. ஒன்றின் சேதி மற்றொன்றுக்கு எப்படி விளங்கும்?

ஒயரைத் தடவிக்கொண்டே போனேன். பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு போல்ட்டில் முடிந்தது. அந்த இடம் பளபளவென்று கறுப்பாக இருந்தது.

பூஜைக்கு முந்தின நாள் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஜாக்கி, வைஸ், ஸ்டாண்டு எல்லாவற்றுக்கும் பெயிண்ட் உண்டு. டப்பாவில் மீந்ததை வீணாக்குவானேன் என்று, இந்தக் காரில் துருப்பிடித்திருந்த அந்த இடத்துக்கு நான்தான் அடித்தேன். போல்ட்டைக் கழற்றி, சுரண்டி, இரண்டு கோட்டிங். காய்ந்ததும் எர்த் ஒயரை அதன் மேலேயே வைத்து முடுக்கி, பக்கத்தில் ஒரு சந்தனப் பொட்டும் வைத்தேன். பிறகு பூஜை வரிசைக்கு வண்டியைத் தள்ளித்தான் நிறுத்தினோம். யாரும் ஸ்டார்ட் செய்யவில்லை. பெயிண்ட் கரண்டை விடாது; போல்ட்டின் மரை வழியாகக் கிடைத்த கொஞ்சத் தொடுப்பு கம்ப்யூட்டருக்குப் போதவில்லை. பழைய வண்டியாக இருந்தால் இது யாருக்கும் தெரிந்தே இருக்காது.

போல்ட்டைக் கழற்றி, ஒயர் உட்காரும் அளவுக்கு மட்டும் உப்புத்தாளால் தேய்த்து, வெறும் தகடு தெரிய வைத்து முடுக்கினேன். ஸ்கேனரில் இன்ஜின் பெட்டி தன் நம்பரைச் சொன்னது. சாவியைத் திருகினேன். நின்று ஓடியது.

தொண்டாமுத்தூர்க்காரர் எழுந்து வந்தார். "என்னங்க அம்மணி கோளாறு?"

'எர்த் லூசுங்க' என்று முடித்திருக்கலாம். பொய்யும் இல்லை. அண்ணன் துணியில் கை துடைத்தபடி நின்றிருந்தான். உண்மையைச் சொன்னால் டிவி ரிப்பேர் கடைதான் என்று தெரிந்தும், வாய் அதற்கு முந்திக்கொண்டது.

"நான் பெயிண்ட் அடிச்சதுதானுங்க கோளாறு."

முழுக்கச் சொன்னேன். அவர் குனிந்து அந்த இடத்தைப் பார்த்தார்.

"அடிச்சது என்னமோ நல்லாத்தானுங்க அடிச்சிருக்கீங்க. பொட்டு வேற."

அவர் போனதும் மெக்கானிக் விழுந்து விழுந்து சிரித்தார். அண்ணன் அடுத்த வண்டிக்கு அடியில் புகுந்துகொண்டான். சாயங்காலம் ஷட்டரை இறக்கும்போதுதான், "கெடுத்ததும் நீ, கண்டுபுடிச்சதும் நீ. இதுல எதை எடுத்துக்கறது?" என்றான்.

"ரெண்டையும் எடுத்துக்கண்ணா."

நாலு நாள் கழித்துத் தாராபுரத்திலிருந்து போன். தொண்டாமுத்தூர்க்காரரின் மச்சினர், அதே மாதிரி கார், இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறதாம். அண்ணன் ரிசீவரைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"கொண்டு வாங்க. தங்கச்சி பாத்துக்கும்" என்றான் போனில்.

"எப்பண்ணா வர்றாங்க?"

"நாளைக்குக் காலைல. நேரத்துல எந்திரி."