மாமி கடையில் ஒரு வாடிக்கையாளர்

ருக்கையாவுக்கு வாய் நீளம் என்று சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்லட்டும். அந்த வாயில் விழுந்து எழுந்தவர்களில் நானும் ஒருத்தி. அவளுடைய பராட்டாக் கடைக்கு நாலு கடை தள்ளி நான் ரவிக்கை தைக்கிறேன். டீ குடிக்க அங்கேதான் போவேன். "என்னா சுந்தரி, மெஷின் தூங்குதா, நீ தூங்குறியா?" என்று கேட்டுக்கொண்டே டீயை ஆற்றித் தருவாள். அன்று ஒரு வெள்ளிக்கிழமை அவள் நடந்துகொண்டதைப் பார்த்துவிட்டு, "இந்தப் பொம்பளைக்கு நெஞ்சுல ஈரமே இல்ல" என்று ஒருத்தர் என் காதுபடச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருக்கு என்ன தெரியும்?

ருக்கையா நாகூரில் பிறந்து, முபாரக்கைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவள். சுவா சூ காங்கில் வீடு. விடியுமுன் ரயிலேறி வந்து கடை திறப்பாள். முபாரக் பராட்டாக் கல்லில் நிற்பார். கல்லாவும் டீயும் இவள் பொறுப்பு. அவர் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். மிச்சத்தையெல்லாம் இவள் பேசிவிடுவாள்.

நாகூரில் இருக்கும் அவள் அண்ணன் அப்துல் ஹமீதின் மகள் நஸீஹா, தனியார் கல்லூரி ஒன்றில் படிக்க வந்து அப்போது ஒரு வாரம்கூட ஆகவில்லை. ருக்கையா வீட்டில் இடமில்லாததால் தோ பாயோவில் வேறு பெண்களோடு ஓர் அறையில் தங்கியிருந்தாள். "மாமி இருக்காங்கங்கிற தைரியத்துலதான் வாப்பா என்னை அனுப்புனாங்க" என்று என்னிடமே சொன்னாள். அப்பாவின் தங்கையை அவர்கள் மாமி என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் வகுப்பு, மதியம் மாமி கடையில் சாப்பாடு.

வில்லங்கம் அந்தச் சாப்பாட்டில்தான் ஆரம்பித்தது. மாமி நின்றபடி வேலை பார்க்க, மருமகள் உட்கார்ந்து தின்பதா? அவர்கள் வீட்டில் அப்படி ஒரு வழக்கமே கிடையாது. போதாததற்கு ஊரிலிருந்து உம்மா போனில் ஏச்சு: "மாமி தனியா கெடந்து அல்லாடுறாங்க, நீ சும்மா பாத்துக்கிட்டு இருக்கியா?" சிங்கப்பூரில் அந்த மாதிரிக் கல்லூரி மாணவர்கள் வேலை செய்யவே கூடாது. சம்பளம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் வேலை வேலைதான். மாட்டினால் இங்கே தங்கிப் படிக்கத் தந்திருக்கும் மாணவர் பாஸ் ரத்தாகும், படிப்பு போகும், அடுத்த விமானத்தில் ஊர் போய்ச் சேர வேண்டியதுதான்.

"தொடாதே. ஒரு தட்டைக்கூட நகத்தாதே" என்று ருக்கையா தினமும் கத்துவாள்.

"நம்ம கடைதானே மாமி" என்று அந்தப் பெண் சிரிக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து கூட்டம் மொத்தமாக உள்ளே வந்தது. டீ எடுத்துக் கொடுக்கும் ஃபாரூக் காய்ச்சலில் படுத்துவிட்டான். வரிசை வாசலைத் தாண்டி நின்றது. ருக்கையா கல்லாவில் குனிந்த தலை நிமிரவில்லை. என் மேசையில் உட்கார்ந்திருந்த நஸீஹா சட்டென்று எழுந்தாள். சால்வையை இழுத்துச் செருகினாள். நாலு டீயைத் தட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு நடந்தாள். "உக்காரும்மா" என்று நான் வாயைத் திறக்கிறேன், கழுத்தில் அட்டை தொங்க இரண்டு பேர் வாசலில் நிற்கிறார்கள்.

வேலை செய்பவர்களின் அனுமதியைச் சோதிக்க வருகிற அதிகாரிகள். ஒருவர் சீனப் பெண்மணி. இன்னொருவர் நம் தமிழ்ப் பிள்ளை. அட்டையில் ஸ்ரீராம் என்று பெயர். இரண்டு பேரும் சீனர்களாக இருந்திருந்தால் ருக்கையா தமிழில் ஒரு சத்தம் போட்டு விஷயத்தைச் சொல்லியிருப்பாள். இப்போது அதற்கும் வழியில்லை.

ஸ்ரீராம் நேராக நஸீஹாவிடம் போனான். "நீங்க இங்க வேல பாக்குறீங்களா?"

"இல்லீங்க சார், நான் ஸ்டூடண்ட். இது வந்து..." என்று கல்லாப் பக்கம் முகத்தைத் திருப்பினாள். மாமி பார்த்துக்கொள்வாள் என்கிற நம்பிக்கை அந்த முகத்தில் அப்படியே தெரிந்தது. அடுத்து 'மாமி' என்ற வார்த்தைதான் வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். சொந்தக்காரர் கடை, கையில் தட்டு, மதியக் கூட்டம். அந்த ஒரு வார்த்தை வந்துவிட்டால் அதிகாரிக்கு வேறென்ன வேண்டும்?

"ஏம்மா பொண்ணு!" ருக்கையாவின் குரலில் கடையே திரும்பியது. "இன்னிக்கி இங்க செல்ஃப் சர்வீஸ்! அவங்கவங்க டீய மட்டும் எடுத்துட்டுப் போகணும். ஊராரு டீயெல்லாம் எதுக்குத் தூக்குற?" பிறகு அவனிடம், "கஸ்டமர் சார். இந்தியாலேருந்து புதுசு போல. ஒண்ணும் தெரியல."

"உங்களுக்குச் சொந்தமா?"

"யாருன்னே தெரியாது லா" என்று சிங்கப்பூர்ப் பாணியில் இழுத்தாள்.

நஸீஹாவின் முகம் செத்துவிட்டது. நான் சும்மா இருப்பேனா? "அது எங்க மேசை டீதான் தம்பி. நான்தான் எடுத்தாரச் சொன்னேன்."

"ரெண்டு பேருக்கு நாலு டீயா ஆன்ட்டி?"

"எனக்கு ஒண்ணு பத்தாது. மூணு குடிப்பேன். அதுக்கும் பாஸ் வேணுமா?"

அவன் சிரிக்கவில்லை. கல்லாவைக் காட்டி நஸீஹாவைக் கேட்டான்: "இவங்கள உங்களுக்குத் தெரியுமா?"

பராட்டா அடிக்கிற சத்தம் நின்றுபோயிருந்தது. முபாரக் கையில் மாவோடு அப்படியே நின்றார். அந்தப் பெண் மாமியைப் பார்த்தாள். ருக்கையாவும் கண்ணை எடுக்கவில்லை. அல்லா, இல்லன்னு சொல்லித் தொலைக்கட்டும் என்று நான்கூட மனசுக்குள் வேண்டினேன்.

"தெரியாது சார்."

காசு கொடுத்தாயிற்றா என்று சீனப் பெண்மணி ஆங்கிலத்தில் கேட்டார். "இன்னும் இல்ல" என்று ருக்கையா கல்லாவைத் தாண்டிக் கையை நீட்டினாள். நாகூரிலிருந்து யார் வந்து சாப்பிட்டாலும் காசு வாங்காத கை அது. நஸீஹா பையைத் துழாவி நோட்டை எடுத்துக் கொடுத்தாள். ருக்கையா வாங்கிப் போட்டுச் சில்லறை தந்தாள்.

சமையல்காரர்களின் அட்டைகளைப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது ஸ்ரீராம் எங்கள் மேசையருகே குனிந்தான். "சாப்பிட வந்தா சாப்பிட மட்டும் செய்ங்க தங்கச்சி. அடுத்த தடவ இப்படி நான் கேட்டுட்டுப் போயிட மாட்டேன்." அவனுக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் போனான், மகராசன்.

நஸீஹா டீயைத் தொடவில்லை. பையை எடுத்துக்கொண்டு, கல்லாப் பக்கம் திரும்பாமலே வெளியேறினாள். ருக்கையா பின்கட்டுக்குப் போய்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு அழுதாள். "என்ன நம்பித்தான அண்ணன் புள்ளைய அனுப்புனான். யாருன்னே தெரியாதுன்னு சொல்லிட்டனே சுந்தரி."

"சொல்லாம இருந்தா இந்நேரம் அவ பெட்டி கட்டிக்கிட்டு இருப்பா. மூக்கச் சிந்திட்டு வெளியே வா" என்று அதட்டினேன். அதட்டாமல் விட்டால் நானும் சேர்ந்து அழுதிருப்பேன். அன்று எத்தனை முறை கூப்பிட்டும் நஸீஹா போனை எடுக்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு மதியம் வந்தாள். நேராக உள்ளே வராமல் வரிசையில் போய் நின்றாள். முறை வந்தது.

"ஆன்ட்டி, ஒரு பராட்டா, ஒரு டீ."

ருக்கையா கல்லாமேல் சாய்ந்து குரலைத் தாழ்த்தினாள். "இன்னிக்கி அவங்க யாரும் இல்லடி. என்மேல கோவமா? மாமின்னு கூப்புடுடி."

"கோவமெல்லாம் இல்ல ஆன்ட்டி. நீங்க கத்தலேன்னா அன்னிக்கி நானே சொல்லிருப்பேன். நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. இன்னொரு தடவ யாராச்சும் கேக்கும்போது வாய்ல வந்துறக் கூடாதுல்ல? அதான், பழகிக்கிறேன்."

சொல்லிவிட்டு நோட்டை நீட்டினாள். ருக்கையா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் வரிசை முணுமுணுத்தது. வாங்கிக் கல்லாவில் போட்டு, மீதியை அந்தப் பிள்ளையின் கையில் வைத்துவிட்டு, "அடுத்தவங்க வாங்க" என்றாள்.