துரைக்கு ஒரு களைக்கொத்து

விளைச்சல் பொய்த்த நிலத்துக்கு மட்டுமே வரியைத் தள்ளுபடி செய்யலாம் என்பது விதி. வெள்ளைக்காரத் துரையின் காபிக் கம்பெனிக்கு விளைச்சலில் குறையில்லை, நிர்வாகத்தில்தான் குறை. ஆனாலும் சர்க்கார் அதன் வரியைத் தள்ளி, எழுந்து நிற்கக் கடனும் கொடுத்தது. சாமை கருகிப்போன மலைக்காரர்களிடம் மட்டும் வரி கேட்டோம். கொல்லிமலை கொதித்தது.

செம்மேட்டுச் சந்தையன்று எங்கள் தாலுகா முகாமுக்குத் திண்ணனூர் நாட்டு விவசாயி ஒருவர் வந்தார். ஒல்லி உடம்பு, அதற்குப் பொருந்தாத பெரிய மீசை. பேசுவதற்கு முன் களைக்கொத்தின் முனையைக் கட்டைவிரலால் துடைத்துக்கொள்வார்.

"ஏனுங்க, எங்கூர்ல ஒருத்தனுக்குச் சாமை போச்சுன்னா ஊரே தவசம் குடுக்கும். வாங்கித் தின்னவன் அடுத்த வருசம் எல்லார் காட்டுலயும் களை எடுக்கோணும். நானும் எடுத்துட்டுத்தான் இருக்கறனுங்க. எங்க வரியத் தின்ன துரை எப்பங்க வாராரு?"

"துரைக்குக் களை எது, பயிர் எது என்று தெரியாதே" என்றேன்.

"அதனாலதானுங்க கம்பெனி போச்சு. நாங்க பழக்கிருவோமுங்க."

கூட்டம் சிரித்தது, ஆனால் நகரவில்லை.

"துரைய அனுப்புங்க. இல்லீனா எங்க வரியையும் தள்ளுங்க" என்றார்.

அதை அப்படியே மனுவாக எழுதி, முறைப்படி மேலே அனுப்பினேன். அடுத்த சந்தைக்கு, துரையின் உயரத்துக்கேற்ப நீளக் காம்பு போட்ட களைக்கொத்து ஒன்றை என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். விளையாட்டா, நிஜமாகவே காத்திருந்தாரா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மலைக்காரர்களுக்கும் வரி தள்ளுபடி, துரையைப் பற்றிய கோரிக்கையை இத்துடன் விட்டுவிடவும் என்று பதில் வந்தது, களையெடுப்பு முடிந்து அறுவடையும் ஆகிவிட்ட தை இரண்டாம் தேதி.