உத்தமனின் மூடிய கை

கிடர்பூர் துறைமுகத்தில் உத்தமன் வலது கையை மூடி உயர்த்தினால், கங்கையே ஓடாமல் நின்று அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நகரும். என் பக்கத்தில் பட்டாணி உரித்துக்கொண்டிருக்கும் அவர் மனைவி தமிழரசி முறைக்கிறாள். சரி, கங்கை நிற்காது, கொஞ்சம் கூடிப்போயிற்று. கிரேன் நின்றது, அது பொய்யில்லை.

தூத்துக்குடிக்காரர். கப்பலின் மேல்தளத்தில் நின்று, உயரத்தில் கூண்டுக்குள் இருக்கும் கிரேன்காரரோடு கையால் பேசுவது அவர் வேலை. விரலைச் சுழற்றினால் தூக்கு. உள்ளங்கையைக் கவிழ்த்தால் இறக்கு. முஷ்டி பிடித்தால் நிறுத்து. முஷ்டிக்கு மட்டும் ஒரு கட்டுப்பாடு. மேலேயிருந்து மணி அடித்துப் பதில் வரும்வரை விரலைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் கீழே நிற்பவன் தலையில் சரக்கு இறங்கிவிடும்.

தொண்ணூற்றேழு மழைக்காலத்தில் ஒரு மரப்பெட்டி கயிற்றிலிருந்து நழுவிச் சாய்ந்தது. நேர் கீழே கூலியாட்கள். உத்தமன் முஷ்டியை உயர்த்தினார். கிரேன் நின்றது; ஆடிய பெட்டி நிற்கவில்லை. உயர்ந்த கையை இரும்புச் சுவரோடு வைத்து நசுக்கியது. ஆட்கள் விலகி ஓடும்வரை அவருக்கு எறும்பு கடித்த அளவுகூட வலிக்கவில்லையாம். கிரேன்காரர் பதறியடித்து இறங்கி வந்தார். அந்த அமளியில் மணி அடிக்க யாருக்குத் தோன்றும்?

முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வலி அதற்குப் பிறகுதான் தொடங்கியது, அதுவும் இல்லாத கையில். மூடிய முஷ்டி மூடியபடியே இருந்தது. இறுகிக்கொண்டே போனது. நகங்கள் உள்ளங்கையில் இறங்கின.

"விரலைப் பிரிச்சு விடு தமிழு."

"எதைப் பிரிக்க? காத்தையா?"

அவரை அண்ணன் முறையில் தாதா என்று கூப்பிடும் உடன்வேலைக்காரர்கள் சிரித்தார்கள். "கை எங்கே தாதா, வலி எங்கே?" கை போனதற்காகத் துறைமுகத்தில் கொடுத்த ஆபீஸ் வேலைக்குப் போகப் பிடிக்காமல் நாடகம் ஆடுகிறார் என்று தமிழரசியும் நினைத்தாள். கேட்டும் விட்டாள். அதன்பின் உத்தமன் வலியைப் பற்றிப் பேசவில்லை. கொடியில் காயும் துண்டுகளின் ஓரமெல்லாம் பல்லால் கிழிந்திருப்பதைப் பார்த்த நாளில்தான், அவர் வலியைத் துண்டில் கடித்து அடக்குகிறார் என்று அவளுக்குப் பட்டது. இதற்குள் நாலு வருஷம் ஓடிவிட்டது. அலிப்பூர் பக்கம் வலிக்கென்றே வைத்தியம் பார்க்கும் டாக்டர் மொய்த்ராவிடம் அழைத்துப் போனாள்.

"நெஜமாவே வலிக்குதா டாக்டர்?" என்று கேட்டாள், உத்தமன் எதிரிலேயே.

"நிஜம்தான். வலியைத் தயார் பண்ணுவது கை இல்லை அம்மா, மூளை. விபத்தன்று ஆட்களைக் காப்பாற்றும் அவசரத்தில் அதுவே வலிக்குக் கதவைச் சாத்தியது. இப்போது அதே மூளை, 'மூடு' என்று உத்தரவு போட்டுவிட்டுக் காத்திருக்கிறது. மூடியாயிற்று, திறந்தாயிற்று என்று சொல்லக் கை இல்லை. பதில் வராததால் இன்னும் இறுக்குகிறது. கண் வழியாகப் பதில் சொல்லிப் பார்ப்போம்."

கண்ணாடியை நெஞ்சுக்கு நேரே, முகப்பு இடப்பக்கம் பார்க்கும்படி நிறுத்தி, இடக்கையை அதன் முன் நீட்டச் சொன்னார். கண்ணாடிக்குள் வலக்கை முளைத்தது. உத்தமன் குனிந்து அதை உற்றுப் பார்த்தார். இடக்கை விரலைப் பிரித்தார், கண்ணாடியிலும் பிரிந்தது. உள்ளே, அந்த இல்லாத கையில் மட்டும் பிரியவில்லை.

வீட்டிலும் தினம் காலையில் இதே கதை. "திறந்துதான் பாருங்களேன்" என்பாள் தமிழரசி. ஒருநாள் அவர் எரிந்து விழுந்தார். "எப்படித் திறக்க? மேலேருந்து இன்னும் மணி வரலியே!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. தமிழரசி எழுந்து போய்ப் பூஜை மணியை எடுத்து வந்தாள். அவர் கண்ணாடியைப் பார்த்து முஷ்டி பிடித்தார். அவள் ஸ்டூல் மேல் ஏறி நின்று, கை ஓங்கி மணியை அடித்தாள். கீழ்வீட்டு போஸ் பாபு, இன்றைக்கு என்ன பூஜை என்று கேட்டு மாடியேறி வந்துவிட்டார். உள்ளே விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன.

அவ்வளவுதான். வலி பறந்தது, உத்தமன் வாய்விட்டுச் சிரித்தார், சுபம்.

"சுபம் எங்க மாமி?" என்று என்னைக் கேட்கிறாள் தமிழரசி, பட்டாணியை விட்டுவிட்டு. "கதையைப் பாதியில நிறுத்துதீகளே. சிரிச்சாக, இல்லைங்கல. ஆனா வலி குறையக் குறைய அந்தக் கையும் சுருங்கிச்சு. உள்ளங்கை மேல ஏறி முழங்கைகிட்ட வந்துச்சாம், அப்புறம் விரல் நுனி மட்டும். ஒரு நாள் காலையில எந்திரிச்சு, 'கை போயிட்டு தமிழு'ன்னாக. ஆஸ்பத்திரியில ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுசன் அன்னைக்கு அழுதாக பாருங்க. 'வலிச்சாலும் கூடவே இருந்துச்சே'ன்னு. ஒரு கை செத்ததுக்குத் துட்டி கேக்க யார் வருவா மாமி? நாங்க ரெண்டு பேருந்தான் அழுதோம். பெறகு தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு வந்து உலை வச்சேன்."