என் மனைவியின் இரண்டு பி.ஏ.

மேற்குத் தாம்பரத்தில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு செருப்புக் கடையின் மாடியில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். அது ஒரு தொலைதூரக் கல்வி மையம். வடக்கே வேறொரு மாநிலத்தில் இருக்கும் பல்கலைக்கழகத்தின் பெயர்ப் பலகை மாடிப்படிக்கு மேலே தொங்கும். விண்ணப்பம் நிரப்புவது, லாரியில் வரும் புத்தகக் கட்டுகளைப் பிரித்துக் கொடுப்பது, ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு நாற்காலி போடுவது, ஹால் டிக்கெட் கொடுப்பது எல்லாம் நான்தான். அந்தப் பல்கலைக்கழகத்தை நான் பார்த்ததே இல்லை. அங்கே எந்த ரயிலில் போவது என்றுகூடத் தெரியாது.

படிக்க வந்தவர்கள் பெரும்பாலும் வேலையில் இருந்தவர்கள். பஸ் ஓட்டுநர்கள், ஜவுளிக் கடைப் பெண்கள், கல்யாணத்தால் படிப்பை நிறுத்தியவர்கள். என் மனைவியும் அப்படித்தான் சேர்ந்தாள். எங்கள் திருச்சபை நடத்தும் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் அவள் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. ஆசிரியர் பயிற்சி மட்டும் முடித்திருந்தாள். பி.ஏ.வும் பி.எட்.டும் முடித்தால் அதே வளாகத்து உயர்நிலைப் பள்ளிக்கு ஆங்கில ஆசிரியையாகப் போகலாம்.

அவளுடைய விண்ணப்பத்தை அஸ்தினாபுரம் வீட்டில், சாப்பாட்டு மேஜையில் வைத்து நான்தான் நிரப்பினேன். கையெழுத்துப் போடும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இது இங்க செல்லும்ல?"

"செல்லும். யுனிவர்சிட்டி கவர்மென்ட் யுனிவர்சிட்டி."

நான் பொய் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மூன்று வருடம் படித்தாள். எங்கள் மகளுக்கு அப்போது நான்கு வயது. விடியற்காலை எழுந்து, அரிசி ஊறும் நேரத்தில் படிப்பாள். பட்டம் தபாலில் வந்தது. பிறகு பள்ளியில் விடுப்புப் போட்டுவிட்டு, இங்கேயே ஒரு கல்லூரியில் பி.எட். முடித்தாள். அதற்கு அந்த பி.ஏ.வைத்தான் காட்டினாள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

சில வருடங்கள் கழித்து உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை ஒருவர் ஓய்வு பெற்றார். பள்ளித் தாளாளர் என் மனைவியின் பெயரை எழுதி, ஒப்புதலுக்காகக் கல்வி அலுவலகத்துக்குக் கோப்பு அனுப்பினார். பக்கத்து வீட்டுக்கு கேசரி கொடுத்தோம். நான்கு மாதம் கழித்துக் கோப்பு திரும்பி வந்தது. பல்கலைக்கழகத்தின் எல்லைக்கு வெளியே படித்துப் பெற்ற பட்டம் என்பதால் ஏற்க முடியாது என்று ஒரு வரி எழுதியிருந்தது.

இரண்டு பேரும் அந்த அலுவலகத்துக்குப் போனோம். கண்காணிப்பாளர் ஓர் அம்மா. கோபப்படுகிறவர் இல்லை. எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"டூப்ளிகேட் இல்லம்மா. ஒரிஜினல்தான். அந்த யுனிவர்சிட்டியும் இருக்கு."

"அப்புறம் என்ன மேடம்?" என்றாள் என் மனைவி.

"அவங்க ஸ்டேட்டுக்குள்ளதான் அவங்க சென்டர் நடத்தலாம். இங்க வந்து நடத்தறதுக்குப் பெர்மிஷன் இல்ல. நீங்க எங்க படிச்சீங்க?"

"தாம்பரத்துல."

"அதான்."

"நான் அங்க போய்ப் பரீட்சை எழுதியிருந்தா?"

"அங்கேயே சென்டர்ல சேர்ந்து, அங்கேயே எழுதியிருந்தா யோசிக்கலாம்." அந்த அம்மா சான்றிதழை உறையில் போட்டார். "நம்ம ஸ்டேட்டும் அவங்க ஸ்டேட்டும் பேசி, உன் பட்டத்தை நான் ஒத்துக்கறேன், என் பட்டத்தை நீ ஒத்துக்கோன்னு ஒரு ஏற்பாடு இருந்தா இந்தப் பிரச்சினையே இல்ல. அப்படி ஒண்ணு கிடையாது. நான் என்னம்மா செய்யறது?"

"பி.எட். இங்கதான் மேடம் முடிச்சேன்."

"பி.ஏ. நிக்கலன்னா பி.எட்.டும் நிக்காது."

அவர் சொன்னது ஒவ்வொன்றும் எனக்குப் புரிந்தது. அவர் மேஜையில் ஒரு ஸ்டாப்ளரின் மூடி உடைந்து, ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். குரோம்பேட்டையில் இறங்கும் முன், "பால் வாங்கணும்" என்றாள். வாங்கினோம்.

என்னைத் திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவள் அன்றும் திட்டவில்லை, அதற்குப் பிறகும் திட்டவில்லை. "நீங்கதானே ஃபார்ம் ஃபில் பண்ணீங்க" என்று ஒரு தரம்கூடச் சொல்லவில்லை.

அந்த வருடமே மையமும் மூடப்பட்டது. எல்லைக்கு வெளியே இருக்கும் மையங்களை மூடச் சொல்லிக் கடிதம் வந்ததாக உரிமையாளர் சொன்னார். பலகையைக் கழற்றி எங்கேயோ எடுத்துப் போனார். எனக்குப் பெருங்களத்தூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில், பராமரிப்பு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. லிப்ட் நின்றால் கூப்பிடுவார்கள், தண்ணீர் லாரி வந்தால் கூப்பிடுவார்கள்.

அங்கேயும் என்னைத் தேடி ஒருவர் வந்தார். அரசு பஸ் ஓட்டுநர். என்னிடம் பி.காம். சேர்ந்து, இரவு ஷிப்டுக்கு இடையில் படித்து முடித்தவர். டெப்போவில் அலுவலக வேலைக்கு மாற நினைத்திருந்தார். அவருடைய பட்டத்தையும் திருப்பி அனுப்பியிருந்தார்கள். காக்கிச் சட்டையோடு என் மேஜைக்கு எதிரே நின்றார்.

"சார், உண்மைய சொல்லு. அது டூப்பு யுனிவர்சிட்டியா?"

"இல்லண்ணா. நிஜமான யுனிவர்சிட்டிதான்."

"நெஜம்னா ஏத்துக்க வேண்டியதுதான? இன்னா பேஜார் இது?"

அலுவலகத்து அம்மா சொன்னதை அப்படியே அவரிடம் சொன்னேன். கடைசிவரை கேட்டார்.

"என் லைசென்ஸ் இங்க தாம்பரத்துல எத்தது சார். வண்டிய எத்துகினு திருப்பதி போறேன், பெங்களூர் போறேன். இது தமிழ்நாட்டு லைசென்ஸு, செல்லாதுன்னு எவனாவது கேக்கறானா? அம்பது ஜனத்த வெச்சு ஓட்டறதுக்கு ஒரே லைசென்ஸ் போதும். நான் படிச்ச கணக்குப் பாடத்துக்கு மட்டும் பார்டர் கீதா?"

"டீ சாப்பிடறீங்களா அண்ணா?" என்று கேட்டேன்.

"வேணா சார். வண்டி எடுக்கணும்." வாசல் வரை போனவர் திரும்பிப் பார்த்து, "உன்ன ஒண்ணும் சொல்லல சார். உனக்கும் தெரியாதுல்ல" என்றார்.

தெரியாதுதான். ஆனால் என் கையெழுத்தில் நிரப்பிய விண்ணப்பங்கள் எத்தனை என்று அன்று மாலை யோசித்துப் பார்த்தேன். முகங்கள் வரவில்லை. நாற்காலிகள்தான் ஞாபகம் வந்தன, நீல நிற பிளாஸ்டிக் நாற்காலிகள்.

அடுத்த ஜூனில் என் மனைவி மறுபடியும் பி.ஏ. ஆங்கிலத்தில் சேர்ந்தாள். இந்தத் தடவை நம் மாநிலப் பல்கலைக்கழகம். விண்ணப்பத்தை அவளே நிரப்பினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஃபோட்டோவுக்குப் பசை மட்டும் தடவிக் கொடுத்தேன். பாடங்கள் ஏறக்குறைய முன்பு படித்தவையே, அட்டைதான் வேறு. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு என்பதால் மூன்று வருடம் அவள் ஆராதனைக்கு ஒழுங்காக வரவில்லை. நானும் மகளும் போவோம். சபையின் போதகர் ஐயர் சர்ச் வாசலில் கைகுலுக்கி, "அக்கா எங்கே?" என்று கேட்பார். "கிளாஸ்" என்பேன். சில மாதத்தில் அவர் கேட்பதை நிறுத்திவிட்டார்.

தேர்ச்சி பெற்றாள். ரிசல்ட்டை ஃபோனில் பார்த்துவிட்டு, ஃபோனை என்னிடம் நீட்டினாள். நல்ல மதிப்பெண்.

"கேசரி பண்ணட்டுமா?" என்றேன்.

"எதுக்கு? இது ஏற்கெனவே பாஸ் பண்ணதுதானே."

உயர்நிலைப் பள்ளி இடத்துக்கு அதற்குள் வேறொருவர் வந்துவிட்டார். மறுபடியும் காலி வரலாம், அதற்குள் பி.எட்.டையும் இன்னொரு தரம் முடித்துவிடுங்கள் என்று தாளாளர் சொல்லியிருக்கிறார். இதை எனக்கு ஐயர்தான் சொன்னார். வீட்டில் அவளிடம் கேட்டேன்.

"முடியாதுன்னு சொல்லிட்டேன்" என்றாள்.

"ரெண்டு வருஷம்தானே."

"எனக்குப் படிக்கப் பிடிக்கும்னு நெனச்சிருந்தேன். இப்ப புஸ்தகத்தத் தொறந்தா எழுத்து தெரியுது, வேற ஒண்ணும் தெரியல. மூணாங்கிளாஸே போதும்."

அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. அவள் சொன்னது என்னவென்று எனக்கும் தெரியும்.

போன வருடம் எங்கள் வீட்டுக் கீழ்ப் போர்ஷனுக்கு ஒரு குடும்பம் வந்தது. அந்த வீட்டுப் பெண் செம்பாக்கத்தில் ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறாள். ஒரு சாயங்காலம் மாடிக்கு வந்து, ஃபோனைக் காட்டினாள். வேறொரு மாநிலத்துப் பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் பி.காம்.

"அங்கிள், நீங்க முன்னாடி இதுலதான் இருந்தீங்களாம். சேரலாமா?"

உள்ளே நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த என் மனைவி எழுந்து வந்தாள். அந்தப் பெண்ணின் கையிலிருந்த ஃபோனை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஆன்லைன் படிப்புக்கு அனுமதி உள்ள பல்கலைக்கழகங்களின் பட்டியலைத் தேடி எடுத்தாள். அதில் அந்தப் பெயரையும் படிப்பையும் வருடத்தையும் விரல் வைத்து மூன்று தரம் சரிபார்த்தாள்.

"இப்ப மாத்திட்டாங்க" என்றாள் என்னிடம். "ஆன்லைன்னா மேல ஒரே எடத்துல பெர்மிஷன் வாங்கினா போதும். எந்த ஊர்ல உக்காந்து படிச்சாலும் செல்லும். ஸ்டேட் ஸ்டேட்டா கேக்க வேண்டாம்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"படிச்சேன்."

எப்போது படித்தாள், எதற்குப் படித்தாள் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பெண்ணிடம், "சேரும்மா. இந்தப் பக்கத்தை மட்டும் இன்னைக்கே பிரிண்ட் எடுத்து வெச்சுக்கோ" என்றாள்.

அந்தப் பெண் சேர்ந்துவிட்டாள். முதல் தேர்வை வீட்டிலிருந்தே, லேப்டாப் கேமரா முன்னால் எழுதினாள். பக்கத்தில் சத்தம் இருக்கக் கூடாதாம். அவளுடைய அறைக்கு வெளியேதான் எங்கள் தண்ணீர் மோட்டார் இருக்கிறது. காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது என் மனைவி, "பன்னண்டு மணி வரைக்கும் மோட்டார் போடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு அன்று வார விடுமுறை. தொட்டியில் தண்ணீர் இல்லை. குளிக்காமல் உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டே காலுக்குக் கீழே கதவு திறந்தது. மோட்டாரைப் போட்டேன்.