மே ஆன்ட்டி கொண்டு வந்த மீன்

மே ஆன்ட்டி போயிட்டாங்க. காலையில அவங்க மகள் மெசேஜ் அனுப்பியிருந்தா... பஸ்ல நின்னுக்கிட்டே படிச்சேன், இறங்க வேண்டிய ஸ்டாப்பையும் விட்டுட்டேன்.

ஜார்ஜ் டவுன்ல வளர்ந்த சிலருக்கு ஞாபகம் இருக்கும். குவீன் ஸ்ட்ரீட்டுக்குப் பின்னால, சந்துக்குள்ள, ஆறே மேசை போட்ட நோன்யா சாப்பாட்டுக் கடை, சீன-மலாய் கலப்புச் சமையல். ஆன்ட்டியே சமைப்பாங்க, அவங்களே பரிமாறுவாங்க, மிச்சம் வச்சா அவங்களே திட்டுவாங்க. பக்கத்துத் தமிழ்க் கடைக்காரங்களோட பழகிப் பழகி தமிழும் வரும், கடைசியில ஒரு 'லா'வோட.

எண்பதுகள்ல மாசத்துல முதல் ஞாயிறு எங்க நாலு பேருக்கும் அங்கதான் சாப்பாடு. ஆயர் ஈத்தாம்ல இருந்து பஸ் ஏறிப் போவோம்.

தம்பி ஒரு இடத்துல உட்கார மாட்டான். ஆன்ட்டி ஒரு சாரோங் துணியை எடுத்து அவனை நாற்காலியோட சேர்த்துக் கட்டிட்டு, "இப்ப சாப்பிடு, மங்கி"ம்பாங்க. அம்மா உட்கார்ந்து சூடா சாப்பிட்டது அந்தக் கடையிலதான்.

அப்பாவுக்கு அசாம் மீன். அசாம்னா மலாய்ல புளி. புளி, மிளகாய், வெண்டைக்காய் எல்லாம் போட்டு... தலை அவருக்குன்னு தனியா வரும்.

தைப்பூசத்துக்கு நாங்க நாற்பத்தெட்டு நாள் விரதம். ஆன்ட்டி அதைக் கடைக் காலண்டர்ல சிவப்பு மையால குறிச்சு வச்சிருப்பாங்க.

ஒரு வருஷம் அப்பா வேலை முடிஞ்சு நைசா தனியா போய் மீன் கேட்டிருக்கார். ஆன்ட்டி காலண்டரைக் காட்டி, "அண்ணே, புவாசாலா. இன்னும் பதினொரு நாள்"னு டோஃபுவும் சோறும் போட்டு அனுப்பிட்டாங்க. அவங்களுக்கு விரதம்னா புவாசாதான். அப்பாவே வீட்டுல வந்து சொல்லிச் சிரிச்சார். அம்மா சிரிக்கல.

தொண்ணூறுகள்ல அப்பா ஆஸ்பத்திரியில படுத்தார். அவர் வீட்டுக்கு வர்ற வரைக்கும் குடும்பத்துல யாரும் கவுச்சி தொடக்கூடாதுன்னு அம்மா வேண்டிக்கிட்டாங்க. அதுல அப்பாவும் சேர்த்தி.

நாலு நாளா அவருக்குக் கஞ்சிகூட இறங்கல. "என்ன கேக்குறாரோ கொடுங்க"ன்னு டாக்டர் சொன்னார். அதுக்கு என்ன அர்த்தம்னு அப்ப எனக்குப் புரியல.

அன்னிக்குச் சாயங்காலம் வார்டு வாசல்ல மே ஆன்ட்டி. கையில டிஃபன் கேரியர், நெத்தியெல்லாம் வேர்வை.

"அண்ணே போன் பண்ணாருலா. அசாம் மீன் வேணுமாம்."

நான் வழியை மறிச்சுக்கிட்டு நின்னேன். "ஆன்ட்டி, நாங்க புவாசா. அம்மா வேண்டியிருக்காங்க."

ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தா விட்டிருப்பேன்... எங்க விரதத்துக்கே நாள் குறிச்சு வச்சவங்க, அவங்க எங்க எதிர்த்துப் பேச? "சரிலா. முடிஞ்சதும் சொல்லு"ன்னு திரும்பிட்டாங்க.

உள்ள போனேன். அப்பா கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"புளி வாசனை வருதே... யாரும்மா வந்தது?"

"யாரும் இல்லப்பா."

மூணாம் நாள் அப்பா வீட்டுக்கு வந்தார். தூக்கிக்கிட்டு வந்தாங்க.

அதுக்கப்புறம் அந்தச் சந்துப் பக்கமே நான் போகல. ஒரு தடவை மார்க்கெட் ஸ்ட்ரீட்ல ஆன்ட்டி எதிர்ல வந்தாங்க... சட்டுனு ஒரு துணிக்கடைக்குள்ள நுழைஞ்சுட்டேன். வேண்டாத ஒரு சேலைகூட வாங்கினேன்.

மீன் வந்த விஷயம் அம்மாவுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. சொல்லி என்ன ஆகப்போகுது.

ஆன்ட்டி... அங்க அப்பாவைப் பார்த்தா, அன்னிக்கு வந்தது நீங்கதான்னு சொல்லிடுங்க. என்னால சொல்ல முடியல.