இருபத்துநான்கு வயது அம்மா

இருபத்துநான்கு வயதில் அவள் முதன்முதலாகத் தாயானாள், படத்தில். மகனாக நடித்தவருக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. கதாநாயகியின் தோழியாக நடிக்கத்தான் அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். அம்மாவாக நடிக்க வந்தவர் டைரக்டரோடு சண்டை போட்டுவிட்டுக் காரேறிப் போய்விட்டார். விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருக்க, எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். டைரக்டரின் கண் அவள்மேல் விழுந்தது.

"கொஞ்சம் வயசானவ மாதிரி நடந்து காட்டும்மா."

இடுப்பில் ஒரு கையை ஊன்றி, நாற்காலியிலிருந்து இரண்டு தவணையாக எழுந்து நடந்தாள். மேக்கப்மேன் தலையில் வெள்ளைப் பவுடரைக் கொட்டினார். படம் ஓடு ஓடென்று ஓடியது.

அந்த நடை அவளுடைய அம்மாவின் நடை. அம்மாவும் தியேட்டருக்கு வந்து படம் பார்த்தாள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது கேட்டாள்: "நான் அவ்வளவு மோசமாவாடி நடக்கறேன்?" சில நாள் நிமிர்ந்து நடந்து பார்த்தாள். முதுகுவலி வந்ததுதான் மிச்சம்.

பிறகு கிடைத்ததெல்லாம் அம்மா வேடம். கதாநாயகர்கள் வெளியில் பார்த்தாலும் "அம்மா" என்று கும்பிட்டார்கள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை ஒருவர், அவள் கூடத்துக்கு வந்ததும் சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். எவ்வளவு சொல்லியும் உட்காரவில்லை. அந்தச் சம்பந்தம் அதோடு போயிற்று.

அவளைக் கட்டிக்கொண்டவர் எடிட்டர். ஒருநாள் குப்பைக்கூடையிலிருந்து ஒரு துண்டு பிலிமை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"படம் பூரா அழறீங்க. நான் வெட்டிப்போட்டதுல எல்லாம் சிரிச்சிட்டிருக்கீங்க."

"அதுக்கு?"

"அதுக்கு... உங்க வீட்ல வந்து பேசட்டுமா?"

முப்பது தாண்டியபின் அவர் தூண்டுதலில் ஒரே ஒரு படத்தில் கதாநாயகியாக நடித்தாள். முதல் காதல் காட்சியிலேயே பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்: "புள்ளையத் தூங்க வெச்சிட்டு வந்தியாம்மா?" தியேட்டரே சிரித்தது. அவளும் சிரித்துவிட்டாள்.

காரில், "நல்லாத்தான் சொன்னான்," என்றாள். அப்புறம் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அடுத்த படத்துக்கு அவளே தலையில் பவுடர் போட்டுக்கொண்டாள்.

ஐம்பதில் நிஜமாகவே நரைத்தது. "இனிமே பவுடர் செலவும் மிச்சம்," என்றார் வீடு தேடி வந்த தயாரிப்பாளர்.

"அப்ப நான் நடிக்கறதுக்கு என்ன இருக்கு?" என்று மறுத்துவிட்டாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் கணவரே நினைத்தார். அவள் திரும்பிப் போகவில்லை.

குரல் மட்டும் இளமையாகவே இருந்தது. வசனம் சரியாக வராத இளம் கதாநாயகிகளுக்குக் குரல் கொடுத்தாள்; மூக்குக்கண்ணாடியோடு மைக் முன்னால் நின்று சிணுங்கினாள், கொஞ்சினாள். அவளுடைய பழைய மகன்களில் ஒருவர் இன்னும் கதாநாயகனாகவே இருந்தார். விஷயம் தெரிந்ததும் போன் செய்தார்.

"அம்மா, அப்ப இத்தனை நாளா படத்துல நான் யார்கிட்டம்மா காதல் பேசிட்டிருந்தேன்?"

"பேசறதெல்லாம் சரிப்பா. கொஞ்சம் அவசரப்படறே."

பல் கட்டிக்கொண்டபின் உச்சரிப்பு பிசகியது. அந்த வேலையையும் அவளாகவே நிறுத்திக்கொண்டாள்.