அப்பா போய் வந்த நாடு

காய்கறி மண்டியில் தக்காளி ஏலம் விடுகிறவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லி விசாரித்தால் யாரும் ஆளைக் காட்ட மாட்டார்கள். ஏலக்காரி என்று கேட்டால் வெளியூர் லாரி டிரைவர்கூடக் கை நீட்டிக் காட்டுவார். அவளுடைய தொண்டை அப்பாவிடமிருந்து வந்த சொத்து. அவளுக்கு முன்னால் அந்த மேடையில் ஏலம் விட்டவர் அவர்தான். மண்டியில் அவருக்குப் பட்டப்பெயர் இடி. மேடையை மகளிடம் விட்ட பிறகும் பக்கத்திலேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "இழுத்துச் சொல்லும்மா, எதுக்கு அவசரப்படுற" என்று அவளைவிடச் சத்தமாகக் கத்துவார். வீட்டிலும் இதே கூத்துதான். மாடி வீட்டுக்காரரோடு ஜன்னல் வழியாகவே அரசியல் பேசுவார். தெருவில் போகிறவரை இழுத்து வைத்து நலம் விசாரிக்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

ஏலக்காரிக்கு ஒரு அக்கா. கல்யாணமான கையோடு வெளிநாட்டில் போய்க் குடியேறியவள். விடுமுறைக்கு வந்தால் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவாள். அங்கே குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், அங்கே கரண்ட் போய் யாரும் பார்த்ததில்லை, அங்கே டாக்டரிடம் போனால் கைக்காசு செலவில்லை, அங்கே ரோட்டில் ஹாரன் சத்தமே கேட்காது. அத்தான் தன் பங்குக்குப் போனைத் திறந்து, உலக நாடுகளின் வாழ்க்கைத் தரத்தை வரிசைப்படுத்திய பட்டியலைக் காட்டுவார். அவர்கள் நாடு எடுத்த எடுப்பில் வந்துவிடும். நம்முடையதைப் பார்க்க விரலால் தள்ளிக்கொண்டே போக வேண்டும், அதற்குள் டீ ஆறிப்போகும். பொய் சொன்னால் சண்டை பிடிக்கலாம். அத்தனையும் உண்மை என்பதுதான் ஏலக்காரிக்கு வயிற்றெரிச்சல்.

அதையும் அவள் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுக்கொண்டுதான் இருந்தாள். விட முடியாத ஒன்றை அக்கா கடைசியாக வந்தபோது சொன்னாள். அப்போது அப்பாவுக்கு விடாத இருமல். ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் விரித்துக் கிடந்து, தேற்றி, ஏலக்காரி அவரை வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடத்தில் இருந்தார்கள். அவர்கள் நடுவில் உட்கார்ந்து அக்கா பேசினாள்.

"இந்தப் புழுதியிலயும் சாக்கடை நாத்தத்துலயும் வெச்சு அப்பாவைக் கொஞ்சம் கொஞ்சமா கொன்னுக்கிட்டிருக்கா. அவரைக் காட்டித்தானே மண்டியில இவளுக்குப் பொழப்பு."

சித்தி காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஏலக்காரிக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கத்தவில்லை. தினமும் ஊர் கேட்கக் கூவுகிறவள் குரலைத் தாழ்த்தினால் அதில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்று அக்காவுக்குப் புரிந்திருக்க வேண்டும். அவளுக்கு எங்கே புரியப் போகிறது? "அப்ப நீயே கூட்டிட்டுப் போய்ப் பார்த்துக்கோக்கா" என்றாள் தங்கை.

மாத்திரை, கண்ணாடி, கம்பளித் தொப்பி எல்லாவற்றையும் அவளே பெட்டியில் அடுக்கினாள். ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டாள். இந்த மனிதருக்குப் பொழுது விடிந்தால் பேச ஆள் வேண்டும், இல்லையென்றால் வீட்டை இரண்டாக்கிவிடுவார் என்பதை. நன்றாக அனுபவிக்கட்டும் என்று கறுவிக்கொண்டாள். கிளம்பும்போது அப்பா, "நீ போகச் சொல்றியாம்மா?" என்று கேட்டார். இருமல் சரியாகட்டும் என்று சொல்லிவிட்டு அவள் பெட்டியைப் பூட்டினாள்.

இருமல் சரியானது. ஏரிக்கரை பெஞ்சில் அப்பா சிரித்தபடி உட்கார்ந்திருக்கும் படங்களை அக்கா அனுப்பிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொன்றும் ஏலக்காரியின் முகத்தில் அடித்தது. தோற்றுவிட்டோமோ என்றுகூட நினைத்தாள்.

அப்புறம்தான் காற்று திரும்பியது. அக்காவும் அத்தானும் காலையில் வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவார்கள். பூட்டிய வீட்டில் அப்பா தனி ஆள். பால்கனியில் நின்று தெருவில் போகிறவர்களைப் பார்த்து, என்னப்பா சௌக்கியமா என்று தன் மொழியில் முழங்கியிருக்கிறார். கீழ் வீட்டுக்காரர் புகார் கொடுத்தார், பக்கத்து வீட்டுக்காரரும் கொடுத்தார். கட்டட மேலாளர் வீட்டுக்கே வந்து, இன்னொரு புகார் வந்தால் காலி செய்ய வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா போன் செய்து, அப்பாவைத் திரும்ப அனுப்பட்டுமா என்று கேட்டபோது ஏலக்காரி மேடையில் நின்றிருந்தாள்.

மண்டியில் ஒரு வழக்கம். முதல் தரம் கேட்டதும் சரக்கைத் தள்ளிவிடுகிறவன் ஏலக்காரன் இல்லை. இரண்டாம் தரமும் பொறுக்க வேண்டும். மூன்றாம் தரத்தில்தான் முடிவு. அக்காவையும் அப்படித்தான் காக்க வைக்க வேண்டும் என்று அவள் முடிவு செய்தாள். பார்க்கலாம் என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டு, மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள். அன்றைக்கு அவள் குரல் பூ மார்க்கெட் வரை கேட்டதாம்.

இரண்டாம் தடவை அக்கா அழுதாள். கேட்கக் கேட்கத் தங்கைக்குத் தேன் குடித்த மாதிரி இருந்தது. அப்போதும் பார்க்கலாம் என்றாள். அப்பாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள். அவர் 'ம்', 'ம்' என்பதோடு நிறுத்திக்கொண்டார். அனுப்பி வைத்த கோபம் என்று இவள் நினைத்துக்கொண்டாள்.

மூன்றாம் தடவை கேட்டபோது நிபந்தனை போட்டாள். "யார் முன்னாடி என்னைச் சொன்னியோ, அவங்க எல்லாரையும் வீடியோவுல வெச்சுக்கிட்டு கேளு."

அக்கா கேட்டாள். சித்தியிலிருந்து எல்லாரும் திரையில் இருந்தார்கள். "என்னால முடியல. அவ பார்த்துக்கிட்ட மாதிரி யாரும் பார்த்துக்க முடியாது" என்றாள். அதோடு இன்னொன்றும் சொன்னாள். "இப்பல்லாம் அவர் சத்தமே போடறதில்லடி. புகார்கூட வர்றதில்ல. எனக்கு அதான் பயமா இருக்கு." ஏலக்காரியின் காதில் முன்னால் சொன்னது மட்டும்தான் விழுந்தது. பட்டியலைக் காட்டும் அத்தான் திரையின் ஓரத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்ததை அவள் கண் குளிரப் பார்த்தாள்.

அப்பா வந்து இறங்கினார். கன்னம் உப்பி, நிறம் தெளிந்து, பத்து வயது குறைந்தவராக. ஒரு இருமல் இல்லை. வீட்டுக்குள் வந்ததும் கதவை இரண்டு கையாலும் பிடித்து ஓசை வராமல் சாத்தினார். மாடி வீட்டுக்காரர் மேலேயிருந்து உரக்கக் கூப்பிட்டார். அப்பா எழுந்து போய் ஜன்னலை மூடினார்.

மறுநாள் மண்டிக்குக் கூட்டிப் போனாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டு வைத்திருந்தார்கள். முதல் லாட் தக்காளியை இடிதான் கூவ வேண்டும் என்று எல்லாரும் அடம்பிடித்து அவரை மேடையில் ஏற்றினார்கள். கூட்டம் அடங்கிக் காத்திருந்தது. அவர் வாயைத் திறந்தார். பிறகு உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டார். யாரோ சிரித்தார்கள், விளையாட்டு என்று நினைத்து.

ஏலக்காரிக்கு ஆத்திரம் பொங்கியது. அக்காவை வாய்க்கு வந்தபடி திட்ட வேண்டும்போல இருந்தது. திட்டுவதற்கு வார்த்தை தேடும்போதுதான், முதல் தரம் அக்கா கேட்டபோது அப்பாவிடம் குரல் இருந்தது என்பது உறைத்தது. அப்போது பார்க்கலாம் என்று சொன்னது அவள்தான். இரண்டாம் தரமும் அவள்தான்.

லாரிக்காரர் அவசரப்படுத்தினார். அவள் மேடையேறி, அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று விலையைக் கூவத் தொடங்கினாள். அப்பா பதறிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்து, காதோரம் குனிந்தார்.

"மெதுவா பேசும்மா. பாவம், அக்காவை வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்க."